செம்பனைக் காட்டுக்குள் வழி சொல்லும் படம் எது?



ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ரந்தாவ், சிலியாவ், லிங்கி பக்கம் சைக்கிள் ஓட்டிகள் கூட்டம் கூட்டமாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் இதே பக்கங்களில் பால்மரம் வெட்டப் போனவர்கள் சைக்கிளில் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்று போகிறவர்களின் சைக்கிள் கைப்பிடியில் உள்ளங்கைக்குள் அடங்கும் திரை ஒன்று இருக்கிறது. அதுதான் ஜிபிஎஸ் கருவி.

துணைக்கோள்தான் வழி சொல்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். துணைக்கோளுக்கு நம் தோட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீங்கள் பூமியில் எந்தப் புள்ளியில் நிற்கிறீர்கள் என்று கணக்கிட அது உதவுகிறது, அவ்வளவுதான். பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே மாதம் நீக்கியது. அதன் பிறகு அந்தப் புள்ளி சில மீட்டர் துல்லியத்தில் கிடைக்கிறது. அந்தப் புள்ளியில் இருப்பது சாலையா, அல்லூரா, லயத்து வீடா என்று சொல்ல வேண்டியது கருவிக்குள் இருக்கும் வரைபடம்.

எனவே வாங்கும்போதே கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தக் கருவி வரைபடத்தை ஏற்குமா என்பது. 2009இல் வந்த கார்மின் எட்ஜ் 500 போன்றவை ஒரு கோட்டை மட்டுமே காட்டும். சுற்றிலும் வெறும் வெள்ளை. எட்ஜ் 800, 1000, 1030 ஆகியவற்றில் மைக்ரோ எஸ்டி அட்டை போட இடம் உண்டு. பின்னால் வந்த 530, 830 ஆகியவற்றில் அட்டைக்கு இடமில்லை, உள் நினைவகத்தில்தான் படத்தை வைக்க வேண்டும். லண்டனில் இருக்கும் தம்பி வாங்கி அனுப்பினான் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். கருவி நல்லதுதான். ஆனால் அதில் இருப்பது ஐரோப்பாவின் விரிவான படம். சிரம்பானில் திறந்தால் பெருஞ்சாலைகூடச் சரியாகத் தெரியாது.

இந்தக் குறையை மலேசியர்கள் தாங்களே தீர்த்துக்கொண்ட கதை பலருக்குத் தெரியாது. 2000களில் இங்குள்ள கார்மின் உபயோகிப்பாளர்கள் தாங்கள் ஓட்டிய பாதைகளைச் சேகரித்து, மால்சிங்மேப், மால்ஃப்ரீமேப்ஸ் என்ற பெயர்களில் இலவசப் படங்களை உருவாக்கினார்கள். சம்பளம் இல்லை, ஊர் சுற்றும் ஆசைதான். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஓபன் ஸ்ட்ரீட் மேப் இதே காரியத்தை உலக அளவில் செய்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வாஹூ கருவிகளும் கார்மினின் பிற்கால சைக்கிள் படங்களும் அதன் தகவலைத்தான் பயன்படுத்துகின்றன.

கார்மினில் புதுப் படத்தை ஏற்றுவது கடினமான வேலை அல்ல. ஓபன் ஸ்ட்ரீட் மேப் தகவலைக் கார்மினுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இணையத்தளங்கள் உள்ளன. பிபிபைக் அவற்றில் ஒன்று. வேண்டிய பகுதியைக் கட்டம் கட்டிக் கேட்கலாம். நெகிரி செம்பிலானும் சுற்று வட்டாரமும் போதும் என்றால் கோப்பு சிறியதாக இருக்கும், பழைய கருவியும் திணறாது. கேட்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். படம் வழி கணக்கிடக்கூடியதா? மண் பாதைகளைத் தனி நிறத்தில் காட்டுகிறதா? பிறகு கருவியைக் கணினியில் இணைத்து, ‘கார்மின்’ என்ற உறைக்குள் கோப்பை நகல் எடுத்துப் போட வேண்டும். பழைய கருவிகள் ‘ஜிமேப்சப்’ என்ற ஒரே பெயருள்ள கோப்பைத்தான் ஏற்கும். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், அதைக் கணினியில் பத்திரப்படுத்திய பிறகே மாற்றுங்கள். கடைசியில் கருவியின் வரைபட அமைப்புக்குள் போய்ப் பழைய படத்தை அணைத்துவிட வேண்டும். பெரும்பாலோர் மறப்பது இதைத்தான். இரண்டு படமும் ஒன்றன் மேல் ஒன்றாக நின்றால், புதிதாக ஏற்றிய பாதை கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

சரி, படம் ஏறிவிட்டது. இனிமேல்தான் தோட்டத்தின் விஷயம் வருகிறது.

செம்பனை மரத்தை ஏறக்குறைய 25 ஆண்டுகளில் வெட்டிவிட்டு மறுநடவு செய்கிறார்கள். அப்போது மண்வாரி இயந்திரம் உள்ளே வந்து படிக்கட்டு நிலத்தையும் லாரிப் பாதையையும் புதிதாக வெட்டிவிடும். நேற்றுவரை படத்தில் சரியாக இருந்த பாதை இன்று நாற்று வரிசைக்குள் போய் முடியும். உயரத்தைக் காட்டும் கோடுகளிலும் சிக்கல் இருக்கிறது. இலவசப் படங்களில் பலவும் 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் ரேடார் மூலம் எடுத்த அளவுகளை நம்பியிருக்கின்றன. அந்த ரேடார் அடர்ந்த தோப்புகளில் மரத்தின் உயரத்தையும் ஓரளவு சேர்த்தே அளந்தது. ஆகவே படத்தில் தெரியும் சின்ன மேடு அந்தக் காலத்துக் கித்தா மரமாகக்கூட இருக்கலாம். சிரம்பான் - போர்ட்டிக்சன் ரயில் பாதை இன்னொன்று. 1891இல் திறக்கப்பட்ட அந்தத் தடத்தில் இன்று ரயில் ஓடுவதில்லை. படத்தில் கோட்டைப் பார்த்து அங்கே நிலையம் இருக்கும், ரயிலில் சைக்கிளை ஏற்றித் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டால் ஏமாற வேண்டியதுதான்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை பெயர்கள். தோட்டத்து மக்கள் ‘மேட்டு லயம்’, ‘இரண்டாம் டிவிஷன்’, ‘பழைய கோயில் பக்கம்’ என்றுதான் இடம் சொல்வார்கள். வரைபடத்தில் அந்த இடம் பச்சைத் திட்டாக இருக்கும், அல்லது புதிய தாமானின் பெயர் மட்டும் இருக்கும். காட்டுக்குள் யாரோ ஒருவர் விழுந்து கால் முறிந்து கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 999க்கு அழைப்பவர் சொல்லும் பெயர் ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் படத்தில் இல்லை. அந்த அரைமணி நேரத்தை யார் திருப்பித் தருவது? திரையில் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வாசித்துச் சொல்லலாம். ஆனால் வேலைக்குப் போகும் தொழிலாளியிடம் அந்தக் கருவி ஏது?

சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களைத் தழுவிய மலேசிய விஷன் வேலி 2.0 திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டது. லாபு, நீலாய் வட்டாரத்தில் தோட்ட நிலம் வீடமைப்பாக மாறுவதை வாகனத்தில் போகிறவர்களே பார்க்கிறார்கள். லயம் இடிபட்ட பிறகு கோயிலும் இடுகாடும் தமிழ்ப்பள்ளியும் எங்கே இருந்தன என்று சொல்லக்கூடியவர்கள் எழுபது வயதைத் தாண்டியவர்கள்தான். ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் மலாய்ப் பெயருக்குப் பக்கத்தில் தமிழ்ப் பெயரையும் பதிய இடம் இருக்கிறது. பழைய சைக்கிள் கருவிகள் தமிழ் எழுத்தைக் காட்டாமல் போகலாம். பரவாயில்லை, பெயர் கிடங்கில் இருக்கும். பதிவதற்குப் பொறியியல் படிப்பு வேண்டாம். ஓட்டி முடித்த தடத்தைக் கருவியிலிருந்து எடுத்து ஏற்றலாம். தாத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுப் பெயர்களை நிரப்பலாம். நேரில் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் பதிய வேண்டும். கடையில் வாங்கிய படத்திலிருந்தோ கூகிள் படத்திலிருந்தோ நகல் எடுப்பதை அங்கே அனுமதிப்பதில்லை.

இன்னொன்றையும் பதிய வேண்டும். தோட்டப் பாதைகள் பெரும்பாலும் கம்பெனிக்குச் சொந்தமானவை. படத்தில் கோடு இருப்பது அனுமதிச் சீட்டு ஆகாது. தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போவதுதான் முறை. உள்ளே போக முடியாதபடி பூட்டிய கேட்டைக் கண்டால், அந்தக் கேட்டையும் படத்தில் வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறவர் சாலையிலேயே திரும்பிக்கொள்வார்.