தண்டுவடம் அறுந்தும் நீந்தும் மீன்



சென்னை கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளில் ஜீப்ரா என்று கேட்டால், நாலைந்தைப் பிடித்துப் பாலித்தீன் பையில் போட்டுக் கொடுப்பார்கள். நாலு சென்டிமீட்டர் நீளம், உடலெங்கும் நீலக் கோடுகள். தெற்காசியாவின் ஓடைகளும் வயல்நீரும்தான் இதன் பூர்வீகம். கங்கை மீன்களைப் பற்றி பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் வெளியிட்ட நூலில் இதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. விலை மலிவான இந்த மீனின் தண்டுவடத்தைக் குறுக்கே முழுவதுமாக வெட்டினால், பின்பாதி உடல் செயலிழந்துபோகும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் அது மறுபடியும் நீந்திக்கொண்டிருக்கும்.

நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கையில் அறுபட்ட நரம்பு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் வளரக்கூடும். தண்டுவடத்தில் அதுவும் நடப்பதில்லை. அங்கே காயம்பட்டால் கிளையா என்னும் துணைச் செல்கள் கூடி வடுவாக இறுகிவிடுகின்றன. நரம்பிழைகள் அதைத் தாண்டி வளர்வதில்லை. இறந்த நரம்புச் செல்லின் இடத்துக்குப் புதியது வருவதும் இல்லை.

மீனுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது? இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகளைக் கழித்தவர் நரம்பியலாளர் காத்தரீனா பெக்கர். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நெடுங்காலம் ஆய்வு செய்துவிட்டு, ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். சக ஆய்வாளர் தாமஸ் பெக்கரோடு இணைந்து அவர் நடத்திய குழு, 2008-இல் ஒரு முக்கியமான விடையைச் சொன்னது. தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் அழிந்தால், வளர்ந்த மீனில்கூட அவை புதிதாகப் பிறக்கின்றன. தண்டுவடத்தின் நடுக்குழாயை ஒட்டியிருக்கும் ஒருவகைக் கிளையா செல்தான் அவற்றுக்குத் தாய். அதாவது, நம் உடலில் வடுவாகும் அதே குடும்பத்துச் செல், மீனில் நரம்பைப் பெற்றெடுக்கிறது.

ஐந்து ஆண்டுகள் கழித்து இன்னொன்றும் தெரிந்தது. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கிவரும் டோபமின் என்ற வேதிப்பொருள், இந்தப் பிறப்பைத் தூண்டிவிடுகிறது. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் குறைந்துபோவதும் இதே டோபமின்தான்.

காயத்தின் அழற்சியை அடக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் 2018-இல் வெளியான ஆய்வைக் கவனிக்க வேண்டும். சிதைந்த செல்களை உண்ணும் மேக்ரோஃபேஜ் செல்கள் இல்லாத மீன்குஞ்சுகளை பெக்கர் குழு எடுத்துக்கொண்டது. சாதாரணக் குஞ்சுகளில் இரண்டு நாளில் ஒட்டிவிடும் தண்டுவடம், இவற்றில் ஒட்டத் தொடங்கிப் பாதியில் நின்றது. காரணம், இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் பொருள் அடங்காமல் உயர்ந்தே இருந்தது. அதைக் குறைத்ததும் வளர்ச்சி மீண்டது. ஆனால் தொடக்கத்திலேயே அதைத் தடுத்தாலும் வளர்ச்சி கெட்டது! முதலில் எரிய வேண்டும், பிறகு நேரத்தோடு அணைய வேண்டும். இந்தக் காலக்கணக்கை மாத்திரையில் அடைப்பது எளிதல்ல என்பதே இதை எழுதுபவரின் எண்ணம்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மேஸ்ஸா மொக்காலெட், கென்னத் பாஸ் குழுவினர் 2016-இல் வேறொரு பக்கத்திலிருந்து தண்டுவட மீட்சியை அணுகினார்கள். வெட்டுண்ட இரு முனைகளுக்கும் நடுவே மீனின் கிளையா செல்கள் பாலம் கட்டுகின்றன. அதற்கு வேண்டிய ஒரு மரபணுவை நீக்கிய மீன்களில் தண்டுவடம் சரியாக மீளவில்லை. அந்த மரபணுவுக்கு இணையாக மனிதரிடம் உள்ள புரதத்தைச் செயற்கையாகத் தயாரித்து காயத்தில் வைத்தபோது பாலம் விரைவாகவே எழுந்தது, நீச்சலும் சீக்கிரம் திரும்பியது. நம்மிடம் பொருள் இல்லாமல் இல்லை. அது எப்போது, எந்தச் செல்லில் வேலை செய்கிறது என்பதில்தான் வேறுபாடு.

மீனை வானளாவப் புகழ்வதற்கும் இடமில்லை. 2019-இல் பெக்கர் குழு, மூளையில் டோபமின் சுரக்கும் செல்களை வேதிப்பொருளால் அழித்துப் பார்த்தது. இயல்பாகவே புதுச் செல்கள் சேர்ந்துகொண்டிருந்த பகுதிகளில் இழப்பு நிரம்பியது. மற்ற பகுதிகளில் அரைகுறையாக வந்த செல்கள் நிலைக்கவில்லை. கூட்டத்தோடு நீந்துவதிலும் இனப்பெருக்கத்திலும் அந்த மீன்களுக்கு நிரந்தரக் குறை ஏற்பட்டது. மீளும் செல்லும் மீளாத செல்லும் ஒரே மூளைக்குள் பக்கம் பக்கமாக இருப்பதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வாளர்கள் வேறு விலங்கைத் தேட வேண்டியதில்லை.