வேடமும் வேடனும்

புதிய உடை வேண்டுவோர் துணிக்கடைக்குச் செல்வர். அன்றேல் தையற்காரரை நாடுவர். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட உடையை விரும்புபவரோ முதலில் ஒரு வீடியோ விளையாட்டின் முன் அமர்கிறார். திரையில் ஓர் உருவம் நிற்கிறது. அதற்கு முகத்தைத் தெரிவுசெய்கிறார். கூந்தலின் நிறத்தைத் தெரிவுசெய்கிறார். தலைக்கவசத்தைக் கழற்றி வேறொன்றைச் சூட்டுகிறார். ஒரு பொத்தானை அழுத்தும் நேரத்தில் ஆண்டி அரசனாகிறான். அரசன் மீண்டும் ஆண்டியாகிறான். பின்னர், இவ்வுருவத்தை நானே அணிந்து நின்றால் என்ன என்றோர் ஆசை அவருக்குப் பிறக்கிறது. அந்த ஆசையை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கதைகளிலும் படங்களிலும் விளையாட்டுக்களிலும் வரும் பாத்திரங்களைப் போல உடையணிந்து கூடும் வழக்கத்தைக் கொஸ்பிளே என்பர். உடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஆட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் குறுக்கி இணைத்து யப்பானியர் ஆக்கிய சொல் இது. 1980களில் நொபுயுக்கி தக்காஹாஷி என்பார் இதனை வழக்கிற்குக் கொண்டுவந்தார். சொல் புதியது, செயல் அதனிலும் பழையது. 1939ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிற் கூடிய முதலாவது உலக அறிவியற்புனைகதை மாநாட்டிற்கு ஃபொறெஸ்ட் அக்கர்மன், மேர்ட்டில் டக்ளஸ் என்னும் இருவர் எதிர்கால மனிதரைப் போல உடையணிந்து வந்தனர். அவ்வுடைகளை ஆக்கியவர் டக்ளஸ் அம்மையாரே. சித்திரக்காரர் பிராங்க் போல் வரைந்த படங்களும் 1936ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு திரைப்படமும் அவருக்குத் தூண்டுகோலாய் அமைந்தன. ஆயினும் அவை எந்தப் பாத்திரத்தின் அச்சுப் பிரதியும் அல்ல. ஆகவே, கண்டதைக் கொண்டு காணாததைப் புனைவது இக்கலையின் பிற்கால வளர்ச்சியன்று. அதன் தொடக்கமே அதுதான்.

இனி விளையாட்டிற்கு வருவோம். 2004ஆம் ஆண்டில் யப்பானிய நிறுவனமாகிய கப்கொம் 'மொன்ஸ்டர் ஹன்டர்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. ஆடுபவர் அதில் ஒரு வேடன். பெயரும் முகமும் ஆடுபவரே கொடுப்பவை. பெரு விலங்குகளை வீழ்த்தி, அவற்றின் தோலையும் எலும்பையும் செதிலையும் கொல்லனிடம் கொண்டுசென்றால் அவன் கவசம் செய்து தருவான். தலை, மார்பு, கை, இடை, கால் என அக்கவசம் ஐந்து உறுப்புடையது. ஆகவே, வேடனின் உடையைப் பார்த்தே அவன் எவ்வெவ் விலங்கை எதிர்த்தான் என்று சொல்லிவிடலாம்.

இதில் ஒரு சங்கடமும் இருந்தது. வலிமை மிக்க உறுப்புக்களைப் பல கவசங்களிலிருந்து பொறுக்கி அணிந்தால், தலைக்கும் காலுக்கும் பொருத்தமில்லாத கோலம் ஏற்படும். 2018ஆம் ஆண்டில் வெளிவந்த விளையாட்டில் இதற்கு ஒரு வழி காட்டினர். வலிமைக்கு ஒரு கவசம். அதன்மேல் தோற்றத்திற்கு மட்டும் இன்னொன்று. காப்பது ஒன்று, காண்பது வேறொன்று. திரையில் இது நடக்கும். உடம்பில் நடக்குமா? நடக்காது என்பதை நான் அறிந்த விதத்தைச் சொல்கிறேன்.

யப்பானிற் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நானும் ஒரு வேடனாக விரும்பினேன். எந்தக் கவசத்தையும் அப்படியே எடுக்காமல், பலவற்றின் அழகைக் கூட்டி எனக்கென ஒன்றை வரைந்தேன். கைக்காசு முழுவதும் அதிற் கரைந்தது. ஐந்து உறுப்புக்களையும் தடித்த நுரைத்தகட்டால் ஆக்கி, கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிக்கொண்டேன். ஆகஸ்ட் மாதத்து வெயிலில், ஒரு கூட்டத்தின் திறந்த முற்றத்தில் நின்றேன். கண்ணாடியில் அழகாய்த்தான் இருந்தேன். ஆனால் உட்கார முடியவில்லை. கையை வாய்வரை உயர்த்த முடியவில்லை. முதுகுப்புற வாரை நானே அவிழ்க்கவும் முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் தலை சுற்றியது. முன்பின் அறியாத ஒரு பெண் ஓடிவந்து, வாரை அவிழ்த்து, நிழலில் இருத்தித் தண்ணீர் தந்தாள். நான் தெளிந்த பின், சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டாள்: "உங்கள் வேடன் தண்ணீர் குடிப்பதே இல்லையா?"

அவள் விளையாட்டாய்த்தான் கேட்டாள். எனக்கோ அவ்வொரு வினாவில் என் தவறு முழுவதும் விளங்கிவிட்டது. நான் ஒரு தோற்றத்தை வரைந்தேனேயன்றி ஓர் ஆளை நினைக்கவில்லை. புகழ்பெற்ற பாத்திரம் ஒன்றைப் பின்பற்றுபவருக்கு அந்த ஆளை முன்னரே ஒருவர் நினைத்து வைத்திருக்கிறார். நாமே புனையும்போது அந்தப் பொறுப்பு நம்முடையது. அவன் என்ன தொழில் செய்கிறான்? எங்கே நடக்கிறான்? எதைச் சுமக்கிறான்? எப்படி உண்கிறான்? இவற்றிற்கு விடை எழுதிய பின்னரே பென்சிலை எடுத்து உருவம் வரைய வேண்டும்.

அடுத்த ஆண்டு அவ்வாறே செய்தேன். அந்த விளையாட்டில் வேடன் விலங்கை மட்டும் தேடுவதில்லை. பச்சிலையும் தேனும் சேகரிக்கிறான். பச்சிலையில் மருந்து ஆக்குகிறான். அம்மருந்தோடு தேன் சேர்ந்தால் அதன் ஆற்றல் மிகும். தொடக்ககால விளையாட்டுக்களில் அதனைக் குடிக்கும்போது அவனால் ஓட முடியாது. விலங்கு பாய்ந்து வந்தாலும் நின்றுதான் குடிக்க வேண்டும். என் வேடன் தேன் எடுப்பவன் என்று முடிவுசெய்தேன். அம்முடிவோடு பாதி வேலை முடிந்தது. தேனெடுப்பவன் ஏற வேண்டும். ஆகவே கால்களுக்குத் துணி போதும். ஒரு தோளை மட்டும் விலங்கிற்குக் காட்டி நிற்பவன். ஆகவே இடத்தோளில் மட்டும் பெரிய கவசம். இடையிலே தேன்குடுவை. அக்குடுவைக்குள் இருந்தது என் குடிதண்ணீர்!

இத்தகைய உடையை ஆக்க முனைவோருக்குச் சில குறிப்புக்களும் சொல்லவேண்டும். முதலில், உருவத்தை உள் விவரமின்றி முழுக் கருமையாக வரைந்து, எட்ட நின்று பாருங்கள். அந்த நிழல் பிற வேடர்களிலிருந்து வேறுபட்டுத் தெரியாவிடின், நிறத்தாலும் அணியாலும் அதனைத் திருத்திவிட முடியாது. நிறங்களோ மூன்று போதும்: ஒன்று மிகுதியாக, ஒன்று அளவாக, ஒன்று மிகச் சிறிதாக.

அடுத்தது அளவு. கவசம் வரவேண்டிய இடத்தை உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளாற் சுற்றி, அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி, வேண்டிய வடிவத்தை உடம்பின்மீதே வரைந்து, பின் வெட்டி விரித்தால் அதுவே மாதிரித்தாள். வெட்டும்போது கத்தி உடம்பிற் படாதிருக்க மற்றொருவர் உதவுதல் நன்று. தடிப்பையும் மறத்தல் ஆகாது. 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள நுரைத்தகட்டைக் கையைச் சுற்றி வளைத்தால், அதன் வெளிச் சுற்றளவு உட்சுற்றளவிலும் ஏறக்குறைய 63 மில்லிமீற்றர் கூடியிருக்கும். இதனை எண்ணாது வெட்டியவரின் கவசம் மூட்டில் இணையாது.

நுரைத்தகடு என்பது சிறு பிள்ளைகள் விளையாடும் மெத்தென்ற தரைவிரிப்பிற் காணப்படும் பொருளே. சூடான காற்றைச் செலுத்தினால் அது வளையும், மேற்பரப்பும் இறுகும். அதன்மேல் மூடுபூச்சு இட்ட பின்னரே வர்ணம் தீட்ட வேண்டும். இல்லையேல் வர்ணத்தை அது உறிஞ்சிவிடும். ஒட்டும் பசையின் ஆவி தீங்கானது. சன்னல்களைத் திறந்து, ஆவியைத் தடுக்கும் முகமூடி அணிந்து வேலை செய்க.

மூன்றாவது, போக்குவரவு. 1975ஆம் ஆண்டில் தொடங்கிய தோக்கியோக் கொமிக் மார்க்கெட் போன்ற கூட்டங்களுக்கு வேடம் புனைந்தபடி வருதல் ஆகாது; அங்குள்ள அறையிலேயே உடைமாற்ற வேண்டும். ஆகவே, பெட்டியில் அடங்காத கவசம் வீட்டைவிட்டே புறப்படாது. உறுப்புக்களைப் பிரித்து அடுக்கக்கூடியதாக அமையுங்கள். வார்கள் யாவும் உங்கள் கைக்கே எட்டட்டும். முழுமையாக அணிந்து வீட்டில் ஒரு மணி நேரம் நடந்து, அமர்ந்து, குனிந்து, படியேறிப் பாருங்கள். அந்த ஒத்திகையிற் கிழிவது நல்ல கிழிவு, திருத்த நேரமுண்டு.

நாமே புனைந்த வேடத்தை யார் அறிவர் என்று சிலர் தயங்குவர். புகழ்பெற்ற நாயகனைக் கண்டால் கூட்டம் கூடுகிறது; பெயரில்லாத வேடனைக் கடந்து செல்கிறது. இது உண்மையே. என்னையும் பலர் கடந்து சென்றனர். மாலையில் ஓர் இளைஞன் என் முன்னே நின்றான், குடுவையைப் பார்த்தான், "தேன்தானே?" என்றான். ஆம் என்று சொல்லி, இரண்டு கால்களையும் ஊன்றி அசையாது நின்று, குடுவையைத் திறந்து குடித்தேன். அவன் கைகொட்டிச் சிரித்தான். அந்த ஒரு சிரிப்பு எனக்குப் போதுமாயிருந்தது. என் வேடத்தை அவன் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் என் வேடனை அவன் அறிந்திருந்தான்.

நேயர்களே, திரையில் உள்ள உருவத்திற்கு வெயில் இல்லை, பாரம் இல்லை, தாகம் இல்லை. நமக்கு அவை யாவும் உண்டு. அவற்றை மறைக்க முயலும் உடை நம்மை வருத்தும். அவற்றிற்கு இடம் கொடுக்கும் உடையோ புனைந்த ஆளுக்கு உயிர் கொடுக்கும். எனவே வேடத்தை எண்ணுமுன் வேடனை எண்ணுங்கள். அவனுக்குத் தாகம் எடுக்கும் என்பதையும் மறவாதிருங்கள்.