கொழும்பின் சதுப்பு நிலங்கள்

இலங்கையின் இயற்கை வனப்பைக் காணப் புறப்படுவோர் நுவரெலியாவின் குளிர்மலைகளையோ திருகோணமலையின் கடற்கரையையோ நாடுவர். வெள்ளவத்தை வாசிகளும் விடுமுறை வந்தால் அவ்வாறே புகைவண்டி ஏறுவர். மற்ற நாட்களில் மாலைக் காற்று வாங்க அவர்களுக்குக் கடல் உண்டு. அக்கடலை விட்டு, காலி வீதியைக் கடந்து உள்நாட்டுப் பக்கமாகச் சில மைல் சென்றால் காணத்தக்க காட்சியொன்று இருப்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

பெல்லன்வில - அத்திடியச் சதுப்பு நிலமே அது. ஒரு காலத்தில் நெல் விளைந்த தாழ்நிலம். உழவு கைவிடப்பட்டபின் புல்லும் கோரையும் நீர்ச்செடிகளும் அங்கே மண்டின. 372 ஹெக்டேயர் பரப்புடைய இந்நிலம் 1990ஆம் ஆண்டு சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

வெயில் ஏறுமுன் சென்று ஓசையின்றி நிற்பவருக்கு அங்கே நல்விருந்து காத்திருக்கும். ஊதா நிறத் தாழைக்கோழி தன் நீண்ட விரல்களை அகல விரித்து நீர்ச்செடிகளின் மேல் நடந்து செல்லும். நீர்க்காகம் நனைந்த சிறகுகளை விரித்து உலர்த்தும். மீன்கொத்தி கிளையிலிருந்து கல்லெனப் பாயும். ஐப்பசி முதல் பங்குனி வரை வடநாடுகளின் குளிருக்கு அஞ்சிய பறவைகளும் இங்கே விருந்தினராய்த் தங்கும். இரவில் நீரிலிறங்கி இரை தேடும் மீன்பிடிப் பூனை கொழும்பின் சதுப்புகளில் இன்றும் வாழ்கிறது என்றால் பலர் வியப்பர்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்தார்க்கு வடக்கே முத்துராஜவெல உண்டு. களனி கங்கைக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையே கிடக்கும் இப்பெருஞ் சதுப்பை, ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய ஹமில்ட்டன் கால்வாய் ஊடறுத்துச் செல்கிறது. படகிலே சென்றால் கண்டல் மரங்களின் நிழலில் உடும்புகளையும் கொக்குகளையும் காணலாம்.

இந்நிலங்கள் கண்ணுக்கு விருந்தாவதோடு நின்றுவிடுவதில்லை. கொட்டும் மழையை ஏந்தி வைத்து, மெல்ல மெல்லக் கால்வாய்களுக்கு விடுவன இவையே. பள்ளத்தை மண்ணிட்டு நிரப்பி வீடு கட்டினால், அங்கே தங்கவேண்டிய நீர் வேறொருவர் வீட்டு வாயிலைத் தேடிச் செல்லும். 2010ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துப் பெருமழையில் பாராளுமன்றக் கட்டிடத்தையே வெள்ளம் சூழ்ந்ததை நகர மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2018ஆம் ஆண்டில், ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற சிறப்பை உலகில் முதன்முதலாகப் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. பெருமைதான். ஆயினும் பட்டயம் நிலத்தைக் காவல் செய்யாது; அதன் அருமை அறிந்த மக்களே காவல் செய்வர். குப்பை கொட்டும் இடமென்று ஒரு நிலத்தைக் கருதும் பிள்ளை, வளர்ந்தபின் அதனை மண்ணிட்டு நிரப்பவும் தயங்கான். அங்கே தாழைக்கோழியின் பின்னே அதன் கருங்குஞ்சுகள் வரிசையாய்ச் செல்வதைக் கண்ட பிள்ளையோ தயங்குவான்.

ஆகவே, வரும் விடுமுறையில் நெடும்பயணம் போக வசதியற்ற பெற்றோர் வருந்தவேண்டியதில்லை. ஒரு நாள் விடியற்காலையில் பிள்ளைகளை அத்திடியப் பக்கம் அழைத்துச் செல்வார்களாக. செலவு சிறிது, பயனோ பெரிது.