பந்து உங்கள் கையில்தான் இருக்கிறது

(ஆதரவாளர்கள் கூடுகையில் ஸ்கேன் பிரிவு ஊழியர்கள் சார்பாக ஆற்றிய உரை)



எங்கள் பிரிவைப் பார்க்க வருகிறவர்கள், "ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு ஸ்கேன் எடுக்கிறீர்கள்?" என்று கேட்பதுண்டு. எடுக்க முடியாமல் பாதியில் எழுந்து போனவர்களைப்பற்றி யாரும் கேட்பதில்லை. இன்று அவர்களைப்பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஒரு குழாய். பல இயந்திரங்களில் அதன் வாய் 60 செ.மீ. அகலம், அகலமான வகைகளில் 70 செ.மீ. அதற்குள் 20 முதல் 45 நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். 1977 ஜூலையில் நியூயார்க்கில் முதன்முதலாக ஒரு மனிதரின் மார்பை இப்படிப் படமெடுக்க ஏறக்குறைய 5 மணி நேரம் ஆயிற்று. அதை நினைத்தால் இது கொஞ்ச நேரந்தான். ஆனால் உள்ளே மூச்சு முட்டுகிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது.

ஒரு விசைத்தறித் தொழிலாளி வந்திருந்தார். கால்கள் பலமிழந்துகொண்டே வந்தன. தண்டுவடம் நசுங்குகிறதோ என்று மருத்துவருக்குச் சந்தேகம். மூன்றாம் நிமிடத்தில் வெளியே எடுக்கச் சொல்லிக் கத்தினார். "பயமெல்லாம் இல்லை சார், சேரவில்லை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு முகம் பார்க்காமல் போய்விட்டார். ஒன்பது நாள் கழித்து அவருடைய மனைவி அழைத்துவந்தபோது ஆள் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. "இவர் லிஃப்டில்கூட ஏறமாட்டாரே ஐயா, உங்களிடம் சொல்லவில்லையா?" என்றார் அந்த அம்மா.

அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நகை இருக்கிறதா, இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டோம், இதைக் கேட்கவில்லை. அந்த ஒன்பது நாளும் எங்கள் கணக்கில் சேர வேண்டியவை. ஆண்பிள்ளை பயத்தை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுவார் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது எல்லாரிடமும், "லிஃப்டில் போவீர்களா? கதவைத் தாழிட்டுத் தூங்குவீர்களா?" என்று கேட்கிறோம். "பயமா?" என்று கேட்டால் இல்லை என்பவர்கள், இதற்கு உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

அன்று மாலை, மற்ற நோயாளிகள் போன பிறகு அவரை அறைக்குள் அழைத்துச் சென்றோம். படம் எடுக்கவில்லை. குழாய் இரண்டு பக்கமும் திறந்திருப்பதையும், உள்ளே விளக்கும் காற்றும் இருப்பதையும் காட்டினோம். கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னோம். எங்கள் அறையில் மணி அடிப்பதை அவரே கேட்டார். அமுக்கினால் உடனே வெளியே எடுப்போம், ஏன் என்று கேட்கமாட்டோம் என்றோம். இரண்டு தடவை உள்ளே போய் வந்தார்.

மறுநாள், மேசை நகருமுன்பே கண்ணின்மேல் துணி போட்டோம். உள்ளே போன பிறகு கண்ணை மூடுவது பலருக்கு முடியாது. முதலிலேயே மூடிக்கொண்டு போவதே மேல். மனைவியையும் உடன் நிற்க அனுமதித்தோம். தாலி, வளையல், சேலையில் குத்திய ஊக்கு எல்லாவற்றையும் கழற்றிச் சிஸ்டரிடம் கொடுத்தார். மெட்டிதான் வரவில்லை. (இதற்கென்றே சோப்புத் தண்ணீர் வைத்திருக்கிறோம்.) காதில் பஞ்சடைப்பானோடு, கணவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார். "அடுத்தது நான்கு நிமிடம்" என்று ஒவ்வொரு கட்டத்திலும் நாங்கள் ஒலிபெருக்கியில் சொன்னோம். அந்தப் படபடச் சத்தம் அவருக்குத் தொந்தரவாகவே இல்லை. தறிச் சத்தத்தில் வளர்ந்தவர். சிலர் உள்ளே மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதத்தைச் சொல்லிக்கொள்வார்கள். இவர் பாவு இழைகளை எண்ணினாராம்.

உங்களுக்கோ வீட்டாருக்கோ இப்படி நேரலாம். வெட்கப்படாமல், ஸ்கேனுக்குத் தேதி கேட்கும்போதே சொல்லுங்கள். முழங்கால் படமென்றால் கால் முதலாகத்தான் போவீர்கள். தலை பெரும்பாலும் வெளியே இருக்கும். எதுவுமே உதவாவிட்டால் மருத்துவர் அமைதிப்படுத்தும் மருந்து கொடுப்பார். அன்று துணைக்கு ஆள் வேண்டும், வண்டி ஓட்டக்கூடாது. சி.டி. ஸ்கேன் வளையம் குட்டையானது, சில நிமிடத்தில் முடியும் என்பது உண்மை. ஆனால் தண்டுவடத்தை எம்.ஆர்.ஐ. அளவுக்கு அது காட்டாது.

அவருடைய படத்தில் தண்டுவடம் நசுங்கியிருந்தது தெரிந்தது. அந்த வாரமே அறுவைச் சிகிச்சை நடந்தது. போன மாதம் மறுபரிசோதனைக்கு வந்தார். கைத்தடியோடு, இரண்டாம் மாடிவரை படியேறியே வந்தார். லிஃப்டில் இன்னும் ஏறுவதில்லையாம்.