பின்னிருக்கையில் இருந்தவர்



ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மவருக்கு இரு சக்கர மோட்டார் வண்டி இன்றியமையாத துணையாகிவிட்டது. அலுவலகம் போவதும், குழந்தையைப் பள்ளியில் விடுவதும், மாலையில் காய்கறி வாங்கி வருவதும் அதன்மேல்தான். ஓட்டுகிறவர் ஒருவர், பின்னால் அமர்ந்து வருகிறவர் மற்றொருவர். விபத்து நேர்ந்தால் ஓட்டியவரைப் பற்றியே எல்லோரும் கேட்கின்றனர். பின்னால் இருந்தவர் மருத்துவமனை ஏட்டில் எவ்வாறு இடம் பெறுகிறார் என்பதைப் பற்றி இன்று சில சொல்ல எண்ணுகிறோம்.

மருத்துவமனை ஆவணப் பகுதியில் பணிபுரியும் நாங்கள், சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் கண்ட நிகழ்ச்சி இது. தையல் தொழில் செய்துவந்த தமிழ் அம்மையார் ஒருவர், தம் தம்பி ஓட்டிய ஸ்கூட்டரின் பின்னால் அமர்ந்து வந்தார். முந்தானை பின் சக்கரத்தில் சிக்கியது, சாலையில் விழுந்தார், வலது மணிக்கட்டு முறிந்தது. தம்பி வண்டியை நிறுத்தப் போயிருந்த வேளையில், என்ன நேர்ந்தது என்று இந்தியில் கேட்டார்கள். அம்மையார் அறிந்த இந்தி சிறிதே. 'கிர் கயீ', விழுந்துவிட்டேன், என்றார். அவ்வளவே ஏட்டில் ஏறியது. சிகிச்சையில் குறை ஒன்றுமில்லை, எலும்பும் கூடிற்று. ஆனால் நான்கு மாதம் கழித்துக் காப்பீட்டு இழப்பீடு கோரியபோது, 'விழுந்தார் என்றல்லவா எழுதியிருக்கிறது, வண்டி எங்கே?' என்ற கேள்வி எழுந்தது. கையை நம்பிப் பிழைத்தவருக்கு அந்தக் கேள்வி எலும்பு முறிவைவிடக் கொடியதாயிற்று.

இதன் காரணத்தை அறிய, குறியீட்டு முறையைச் சிறிது அறிதல் வேண்டும். இறப்புக் காரணங்களை ஒரே முறையில் வகைப்படுத்தும் பட்டியல் ஒன்றை 1893-ஆம் ஆண்டில் ஜாக் பெர்த்திலோன் என்னும் பிரெஞ்சுப் புள்ளியியல் அறிஞர் அளித்தார். 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் அதனைப் பேணி வருகிறது. 1990-இல் ஏற்கப்பட்ட பத்தாம் பதிப்பே இன்றும் பல மருத்துவமனைகளில் வழங்குகிறது. பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

பத்தாம் பதிப்பில் ஒரு காயத்திற்கு இரு குறியீடுகள் வேண்டும். காயம் யாது என்பதை ஒன்று சொல்லும். அது எவ்வாறு நேர்ந்தது என்பதை மற்றொன்று சொல்லும். அம்மையாரின் மணிக்கட்டு முறிவு எஸ் 52.5. நேர்ந்த விதத்தைச் சொல்ல, மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் சென்றவர்க்கென வி 20 முதல் வி 29 வரை இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. காருடன் மோதியது வி 23. லாரி அல்லது பேருந்துடன் மோதியது வி 24. கம்பம், சுவர் போன்ற நிலையான பொருளில் மோதியது வி 27. மோதலின்றி விழுந்தது வி 28. இவற்றின்பின் வரும் ஓர் இலக்கமே நம் பேச்சின் உயிர்நிலை. பொதுச் சாலையில் ஓட்டியவர் எனில் 4. பின்னால் அமர்ந்தவர் எனில் 5. யார் எனத் தெரியாவிடில் 9. ஏறும்போதோ இறங்கும்போதோ காயமுற்றவர் எனில் 3.

ஆகவே அம்மையாருக்கு உரியது வி 28.5. வெறுமனே 'விழுந்தார்' என்று எழுதியதனால் கிடைத்ததோ டபிள்யூ 19, அதாவது விவரம் தெரியாத வீழ்ச்சி. 'வண்டி விபத்து' என்று மட்டும் எழுதியிருந்தால் வி 89.2 ஆகியிருக்கும், அதிலும் எந்த வண்டி, எந்த இருக்கை என்பது இராது. குறியீடு இடுபவர் தாமாக எதனையும் ஊகிக்கலாகாது. மருத்துவர் எழுதியதையே எண்ணாக மாற்றுவார்.

இருக்கையின் பெயரால் பணமும் மாறும். சட்டம் கட்டாயமாக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் உள்ள வண்டியில், பின்னால் அமர்ந்து வந்தவருக்கு அக்காப்பீடு பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. விரிவான காப்பீடு அவரையும் தழுவும். வேறொரு வண்டியின் தவற்றால் காயமுற்றால், அந்த வண்டியின் காப்பீட்டிடம் கோரலாம். எதனைக் கோருவதாயினும் முதல் நாள் ஏடே முதல் சாட்சி.

நாட்டின் கணக்கும் இவ்வேடுகளின் தெளிவைச் சார்ந்ததே. 2022-ஆம் ஆண்டில் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர் 50,029 பேர் என்றும், அவருள் 14,337 பேர் பின்னால் அமர்ந்தவர் என்றும் மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கை கூறுகிறது. ஆடை சிக்காதபடி பின் சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு வேண்டும் என 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. அந்தக் காப்பு பயன்படுகிறதா என அறிய, சேலையும் துப்பட்டாவும் சிக்கி வந்தவர்கள் எத்தனை பேர் எனத் தெரிய வேண்டும். குறியீடு சேலையைச் சொல்லாது. மருத்துவர் எழுதும் வரிகளே அதனைச் சொல்லும்.

எனவே, அயல் மொழி வழங்கும் ஊரில் வாழும் நாம் செய்யத்தக்கவை சில. காயமுற்றவருடன், அவ்வூர் மொழி அறிந்த ஒருவர் முதல் விசாரணையின்போது இருத்தல் நலம். எந்த வண்டி, ஓட்டினாரா பின்னால் இருந்தாரா, எதனுடன் மோதியது, எந்த இடம், எத்தனை மணி, தலைக்கவசம் இருந்ததா என்னும் ஆறும் சொல்லப்பட வேண்டும். உள்ளதை உள்ளபடியே சொல்லுக. உரிமம் இல்லாதவர் ஓட்டியதை மறைக்க இருக்கையை மாற்றிச் சொல்வது பின்னர் வழக்கையே கெடுக்கும். எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்பதில் தவறில்லை. பிழை இருப்பின் அன்றே சொல்லுக. மருத்துவர் பழைய வரியை அழிக்காமல், தேதியும் கையொப்பமும் இட்டுத் திருத்தம் எழுதுவார். மருத்துவர்க்கான 2002-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணம் அளிக்கப்பட வேண்டும். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஊரில்தான் தர வேண்டும் என்பதில்லை; மனுதாரர் வாழும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் தரலாம். ஆறு மாதக் கெடு சட்டத்தில் எழுதப்பட்டிருத்தலால் காலம் தாழ்த்தலாகாது.

அந்த அம்மையாரின் ஏட்டில் மருத்துவர் பின்னர் திருத்தக் குறிப்பு எழுதினார். இழப்பீடும் வந்தது, ஆனால் ஓராண்டு கடந்து வந்தது. அதற்குள் தையற் பொறியை விற்றுவிட்டிருந்தார். 'தம்பியின் ஸ்கூட்டரில் பின்னால் இருந்தேன்' என்னும் ஒரு வாக்கியத்தை அன்றிரவு இந்தியில் சொல்ல அருகில் ஒருவர் இருந்திருந்தால், அது அவரிடமே இருந்திருக்கும். அடுத்த முறை நம்மவர் ஒருவர் காயமுற்றார் எனக் கேட்டால், பணமும் பழமும் கொண்டு செல்லுமுன், மொழி அறிந்த ஒருவரை உடனழைத்துச் செல்வோமாக.