ஊர் பார்க்கப் போவது வீண் செலவா?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசிய உரை. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



இன்றைக்கு மதியம் ஒரு தீர்மானம் வரப்போகிறது. உறுப்பினர்களின் பெண் பிள்ளைகள் வெளியூர் போய்ப் படிக்கப் பொது நிதியிலிருந்து கடன் கொடுக்கலாமா என்பதுதான் அது. "படிப்புக்குன்னா சரி. அந்த ஊரைப் பார்க்கணும், இந்த ஊரைப் பார்க்கணும்னு கேட்டா அதுக்குமா கொடுக்கிறது?" என்று சில குழுக்களில் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். குழுப் பணம் என்பது வாரா வாரம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். அதனால் நான் ஊர் பார்த்த கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

2017-இல் நான் முதுகலை சமூகப்பணி படித்துக்கொண்டிருந்தேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் இத்தாலி நாட்டில் ஐந்து மாதம் படிக்க வாய்ப்பு வந்தது. விமான டிக்கெட்டும் தங்கும் செலவும் உதவித்தொகையில் வந்துவிட்டது. பாஸ்போர்ட், விசா, குளிருக்கு ஸ்வெட்டர், பெட்டி இதற்கெல்லாம்? எங்க அம்மாவும் உங்களை மாதிரி ஒரு குழு உறுப்பினர்தான். குழுவில் 15,000 ரூபாய் உள்கடன் வாங்கிக் கொடுத்தார். பத்துத் தவணையில் கட்டி முடித்தார். ஆக, நான் பார்த்த ஊர்களை அம்மாவின் குழுவும் சேர்ந்துதான் பார்த்தது என்று சொல்ல வேண்டும்.

தெருவுக்குக் கொடுத்த திண்ணை

நான் படித்த ஊர் பொலோன்யா. அங்கே இருக்கும் பல்கலைக்கழகம் 1088-இல் தொடங்கியது என்று சொல்கிறார்கள். ஐரோப்பாவிலேயே பழையது அதுதான். போன எட்டு நாளுக்குள் தபால் ஆபீசில் விண்ணப்பம் கொடுத்து, தங்குவதற்கு அனுமதிச் சீட்டுக்குப் பதிய வேண்டும். பாஷை தெரியாமல் வரிசையில் நின்றபோது, நம்ம ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் பேங்க் சலான் வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று முதல்முறையாகப் புரிந்தது.

அந்த ஊரின் அழகே தெருவோர நடைமண்டபங்கள்தான். வீடுகளின் மாடி தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், அதைத் தூண்கள் தாங்கும், அடியில் ஜனங்கள் நடப்பார்கள். எல்லாம் சேர்த்து 62 கிலோமீட்டர். மழை பெய்தாலும் குடை வேண்டாம். படிக்க வந்த மாணவர் கூட்டத்துக்கு இடம் போதாமல் மாடியை வெளியே நீட்டிக் கட்டினார்களாம். புது வீடு கட்டினால் இந்த மண்டபம் வைத்தே ஆக வேண்டும் என்று 1288-இல் ஊர்ச் சட்டமே போட்டார்கள். இடம் வீட்டுக்காரருடையது, பராமரிப்பதும் அவர்தான், நடப்பது ஊர். நம்ம பழைய வீட்டுத் திண்ணை மாதிரிதான். 2021-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஊர் நடுவே 97 மீட்டர் உயரத்தில் ஒரு பழைய கோபுரம். 498 படிகள். பட்டம் வாங்குவதற்கு முன்னால் அதில் ஏறினால் பரீட்சை தேறாது என்று அங்கத்திய பிள்ளைகளுக்குப் பயம்! இத்தனை பெரிய படிப்பு படிக்கிற ஊரிலும் சகுனம் பார்க்கிறார்கள், பாருங்கள். நான் அங்கே பட்டம் வாங்கப் போவதில்லையே, தைரியமாக ஏறினேன். பக்கத்தில் சாய்ந்து நிற்கும் இன்னொரு கோபுரத்துக்கு ஆபத்து என்று 2023-இல் அந்த இடத்தை அடைத்துவிட்டார்கள்.

லௌரா பாஸ்ஸி என்ற பெண் 1732-இல் இந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, ஆசிரியையாகவும் ஆனார். ஆனால் பெண் என்பதால் விசேஷ நாட்களில்தான் மேடையேறிப் பாடம் நடத்தலாம் என்றார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. வீட்டிலேயே ஆய்வுக்கூடம் வைத்து, பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தார். 44 வருஷம் கழித்து 1776-இல்தான் பேராசிரியர் பதவி முழுசாகக் கையில் வந்தது. வெளிநாடு என்றால் பெண்களுக்கு எல்லாம் தானாகக் கிடைத்தது என்று நினைக்காதீர்கள். நாடு முழுவதும் நடந்த ஓட்டெடுப்பில் இத்தாலியப் பெண்கள் முதலில் ஓட்டுப் போட்டது 1946-இல்தான். சொத்துள்ள பெண்களுக்கு மட்டும் என்றாலும், நம்ம சென்னை மாகாணத்தில் 1921-லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை வந்துவிட்டது.

பாதி நாணயம்

புளோரன்ஸ் என்ற ஊருக்கு ரயிலில் போனோம். அங்கே பெரிய தேவாலயத்தின் மேல் ஒரு பிரம்மாண்டமான கவிகை மாடம் உண்டு. அதைப் பார்க்க உலகமே வரிசையில் நிற்கிறது. நாங்களும் நின்றோம். அதை வடிவமைத்த புருனெல்லெஸ்கி என்ற சிற்பியே 1419-இல் இன்னொரு கட்டடத்துக்கும் வரைபடம் போட்டுக் கொடுத்தார். கொஞ்ச தூரம் நடந்தால் அது வந்துவிடும். அங்கே கூட்டம் குறைவு. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம் அது. பட்டு வியாபாரிகள் சங்கம் பொறுப்பெடுத்துக் கட்டியது. முகப்பில் நீல வட்டங்களுக்குள் துணி சுற்றிய குழந்தைகளின் சுதை உருவங்கள் வரிசையாக இருக்கும்.

1445 பிப்ரவரி 5-ஆம் தேதி முதல் குழந்தை வந்தது. பெண் குழந்தை. அகாத்தா ஸ்மெரால்டா என்று பெயர் வைத்தார்கள். பெயர் எப்படித் தெரியும் என்கிறீர்களா? வந்த நாளையும் வந்த விதத்தையும் பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பேரேடுகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. வந்தவர்களில் அதிகம் பெண் குழந்தைகள். காரணம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அங்கே காட்சியகம் இருக்கிறது. சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றையும் இழுத்தால் உள்ளே ஓர் அடையாளப் பொருள். பாதியாக வெட்டிய நாணயம், பாதிப் பதக்கம். குழந்தையை விடும்போது தாய் ஒரு பாதியைக் குழந்தையோடு வைத்து, மறுபாதியைத் தன்னிடம் வைத்துக்கொள்வாள். நிலைமை சரியானால் திரும்பி வருவேன், இரண்டு பாதியும் பொருந்தினால் அது என் பிள்ளை என்று அர்த்தம். அங்கே இருப்பதெல்லாம் மறுபாதி வந்து சேராதவை. என்னோடு வந்த பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் 1992-இல் சேலத்தில் தொடங்கிய நம்ம தொட்டில் குழந்தைத் திட்டத்தை நினைத்துக்கொண்டு நின்றேன். பெற்றவள் மனசில்லாமல் விடவில்லை, வழியில்லாமல் விட்டாள். அதை எனக்குப் பாடப் புத்தகம் சொல்லியிருந்தது. கண்ணால் காட்டியது அந்த இழுப்பறைதான்.

பணக் குவியல்

அடுத்து சியனா. அங்கே ஒரு வங்கியின் தலைமை அலுவலகம், பழைய அரண்மனை மாதிரிக் கட்டடம். 1472-இல் தொடங்கியது. இன்றும் நடக்கும் வங்கிகளில் உலகத்திலேயே பழையது. அது எதற்காகத் தொடங்கியது தெரியுமா? கந்துவட்டியில் மாட்டிய ஏழைகளுக்குக் குறைந்த வட்டியில் அடகுக் கடன் கொடுக்க! அந்தக் காலத்தில் இத்தாலியின் பல ஊர்களில் இப்படி ஆரம்பித்தார்கள். அதன் பெயருக்கு இரக்கத்தின் குன்று என்று பொருள். பணத்தை ஓரிடத்தில் குவித்து வைத்து, தேவைப்பட்டவருக்குக் கொடுப்பது. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்க ஊரில் இருபது பெண்கள் ஒரு தகரப் பெட்டியை வைத்துச் செய்வதும் இதுதானே!

கதை அதோடு முடியவில்லை. அத்தனை பழைய வங்கி, பெரிய விலை கொடுத்து இன்னொரு வங்கியை வாங்கியது, வராக்கடன் குவிந்தது, 2017-இல் அரசாங்கமே பெரும்பங்கை வாங்கித்தான் காப்பாற்ற வேண்டி வந்தது. 545 வருஷப் பெயர் இருந்தும், திரும்பி வராத கடன் அதைத் தள்ளாட வைத்துவிட்டது. நம்ம குழுவில் மூன்று தவணை விட்டவரைப் பற்றிப் பேசக் கூச்சப்படும்போதெல்லாம் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டாங்கியை விற்றுக் கட்டிய பாலர் பள்ளி

பொலோன்யாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் ரெஜ்ஜோ எமிலியா என்ற ஊர். 1945 ஏப்ரலில் அங்கே யுத்தம் முடிந்தது. வீடெல்லாம் இடிந்து கிடந்தது. பக்கத்தில் வில்லா செல்லா என்ற கிராமம். பின்வாங்கிய ஜெர்மன் ராணுவம் ஒரு டாங்கி, சில லாரிகள், குதிரைகளை விட்டுப் போயிருந்தது. ஊர் ஜனங்கள் அதை விற்றார்கள். அந்தப் பணத்தில் சின்னக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். ஒரு விவசாயி நிலம் கொடுத்தார். இடிந்த வீட்டுச் செங்கல்லைப் பொறுக்கி, ஆற்றில் மணல் அள்ளி, ஆணும் பெண்ணுமாக ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை செய்தார்கள்.

இந்தச் செய்தியைக் கேள்விப்பட்டு மலகுட்ஸி என்ற இளம் ஆசிரியர் சைக்கிள் மிதித்துப் பார்க்கப் போனார். பிறகு தம் வாழ்நாள் முழுவதையும் அந்தப் பள்ளிகளுக்கே கொடுத்தார். இன்றைக்குப் பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் அந்த ஊருக்கு வந்து பாலர் கல்வியைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். நம்ம ஊர் அங்கன்வாடிக்குச் சுவர் எழுப்ப மனு எழுதிவிட்டுக் காத்திருக்கிறோமே, அதையும் யோசித்துப் பாருங்கள்.

களை எடுத்த கைகள்

கடைசியாக, உங்களுக்காகவே நான் மனசில் பத்திரப்படுத்தி வைத்த ஒன்று. இத்தாலியில் நெல் விளைகிறது! வடக்கே போ ஆற்றுச் சமவெளியில் நல்ல நெல் வயல்கள் உண்டு. இப்போது எல்லாம் இயந்திரமும் களைக்கொல்லி மருந்தும். சுமார் 1960 வரை நாற்று நட்டதும் களை எடுத்ததும் பெண்கள்தான். பொலோன்யா பக்கத்திலிருந்தெல்லாம் ரயிலேறிப் போய், நாற்பது நாள் கொட்டகையில் தங்கி வேலை செய்வார்கள். முழங்கால் தண்ணீர், வளைந்த முதுகு, கொசு, மலேரியா. கூலியில் ஒரு பங்கு அரிசியாகக் கிடைக்கும். பேசக் கூடாது என்று மேஸ்திரி அதட்டுவார், அதனால் பாடுவார்களாம். பாட்டிலேயே கூலியும் கேட்பார்கள். 1906-இல் வெர்செல்லி வட்டாரத்துக் களையெடுப்புப் பெண்கள் போராடி எட்டு மணி நேர வேலையை வாங்கினார்கள்.

பொலோன்யாவுக்கு வடக்கே பெந்திவோல்யோ என்ற இடத்தில் விவசாயிகள் வாழ்க்கைக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ராஜாவின் வாளும் கிரீடமும் அங்கே இல்லை. உழவர்களின் கருவிகளும் வீட்டுச் சாமான்களும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வயதான பெண்கள் சிலர் வட்டமாக நின்று அந்தக் களைப் பாட்டுகளைப் பாடக் கேட்டேன். பாஷை புரியவில்லை. ஆனால் ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து வாங்கிப் பாடும் அந்த முறை எனக்கு அந்நியமாக இல்லை. நம்ம நடவுப் பாட்டுகளை எழுதி வைத்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்?

எல்லாம் இனிப்பு இல்லை

கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். நவம்பர் பனிமூட்டத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கும் வெளிச்சம் இல்லை. அழுகை வரும் நாட்கள் இருந்தன. கூட்டமான பஸ்ஸில் பர்ஸைக் கையில் பிடித்துக்கொண்டேதான் நிற்க வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம் பூங்காவுக்குப் போனால் உக்ரைன், மால்டோவா நாட்டுப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். வயசானவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை அவர்களுக்கு. அந்த அரை நாள் அவர்களுக்கு லீவு. பெற்ற பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். வெளிநாடு என்றாலே சொர்க்கம் என்று யாராவது ஏஜென்ட் சொன்னால், இந்தப் பூங்காவை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கேள்விக்கு வருகிறேன். ஊர் பார்ப்பது வீண் செலவா? வேடிக்கை மட்டும் பார்த்தால் வீண்தான். ஆனால் குழு நடக்கும் வீட்டில் வளர்ந்த பெண் வேடிக்கை மட்டும் பார்க்க மாட்டாள். தவணை, வட்டி, கணக்கு, கூலி, கூட்டம் இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள். அந்தக் கண்ணோடுதான் நான் சியனாவில் தகரப் பெட்டியைப் பார்த்தேன், நெல் வயலில் உங்களைப் பார்த்தேன். திரும்பி வந்ததும் பெரிய நகரத்தில் வேலை கிடைத்தது. போகவில்லை. அங்கே பார்த்த பெரிய காரியங்களுக்கெல்லாம் வேர் இப்படிப்பட்ட சின்னக் கூட்டங்கள்தான் என்று தெரிந்த பிறகு, இந்த வேலையைச் சின்ன வேலை என்று நினைக்க முடியவில்லை.

அதனால் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, உங்கள் குழுவில் இந்த வருஷம் பிளஸ் டூ, காலேஜ் படிக்கும் பெண்கள் யார் யார் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் பெயரோடு எழுதுங்கள். இரண்டு, கடன் கேட்டால் படிப்பை மட்டும் பார்க்காமல், அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு என்ன பார்க்கப் போகிறாய், எதற்கு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவளுக்குக் கொடுங்கள், தவணையைக் கறாராக வாங்குங்கள். மூன்று, போய்விட்டு வந்தவளைக் குழுவில் உட்காரவைத்துப் பார்த்ததைச் சொல்லச் சொல்லுங்கள். அதுதான் நீங்கள் கொடுத்த பணத்துக்கு வட்டி.