தோல் தொழிலும் கூலிக் கணக்கும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தோற்பொருள்களைக் கையாற் செய்து விற்கும் சிறு தொழிலைப்பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் பிரசங்கம் செய்து பழகியவரல்லோம். குத்தூசியும் நூலும் பிடித்துப் பழகிய கையினேம். ஆதலின் சொல்லில் குறையிருப்பின் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

முதல் இல்லாமையே இத்தொழிலுக்குக் குறையென்று நம்மவரிற் பலர் கூறுவர். யாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். முதல் கிடைத்த பின்னரும் கடன் தீர்ந்தபாடில்லை. ஓரிரவு கணக்குப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் உண்மை விளங்கிற்று. தோலுக்கு விலை எழுதியிருந்தோம். நூலுக்கும் கொக்கிக்கும் எழுதியிருந்தோம். எம் கைக்கு ஒரு காசும் எழுதினோமில்லை.

தோளில் மாட்டும் பையொன்றை உதாரணமாகக் கொள்வோம். வெட்டிய துண்டுகளாக 5 சதுர அடி தோல் அதற்கு வேண்டுமென வைத்துக்கொள்க. தோல் துணியைப்போல் நேரான விளிம்புடையதன்று. வளைந்த ஓரங்களையும், தழும்பையும், உண்ணி கடித்த வடுவையும் ஒதுக்கினால் 7 சதுர அடி வாங்கவே வேண்டும். சதுர அடி 150 ரூபாயாயின் 1,050 ரூபாய். நூல், கொக்கி, உட்துணி முதலியவற்றிற்கு 250. ஆக 1,300. பையை 1,800 ரூபாய்க்கு விற்றவர் 500 ரூபாய் லாபமென்று மகிழ்ந்து வீடு செல்கின்றார். ஆனால் அவர் அப்பைக்கு இரண்டு முழு நாள் உழைத்தார். நாட்கூலி 800 என்றாலும் 1,600 ஆயிற்று. இடவாடகை, மின்சாரம், கருவித் தேய்வு ஆகியவற்றிற்கு 300 சேர்த்தால் பையின் அடக்கவிலை 3,200. லாபமென்று அவர் எண்ணியது, தம் கூலியில் 1,400 ரூபாயை வாங்கியவருக்கு இனாமாகக் கொடுத்ததேயாம்!

“3,200 சொன்னால் யார் வாங்குவார்?” என்பீர்கள். நியாயமான கேள்வியே. இயந்திரத்தில் தைத்த மலிவுப் பையோடு விலையிற் போட்டியிட நம்மால் இயலாது. இயலுமென்று நினைப்பதும் தவறு. வேறுபாட்டைக் காட்டி விற்றல் வேண்டும். இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கவ்வி நிற்கும். ஓரிடத்தில் அறுந்தால் அண்டையிலுள்ள தையலும் நெகிழும். யாம் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இருபுறமும் செலுத்தித் தைக்கின்றோம். ஒரு தையல் அறுந்தாலும் மற்றையவை விடா. இதை வாங்குவோர்முன் தைத்துக் காட்டுங்கள். தேன்மெழுகு பூசிய நூல் தோலினுள் இறுகுவதைக் கண்ணாற் கண்டவர் பேரம் பேசுவது குறைவு. இது எம் அனுபவம்.

தோலைத் தெரிவதில் யாம் பட்டதையும் சொல்லிவிடுகின்றோம். சிக்கனமென்றெண்ணி ஒருமுறை பைகளின் தோள்வாரை வயிற்றுப்பக்கத் தோலில் வெட்டினோம். முதுகுப்பக்கம் இறுக்கமானது, வயிற்றுப்பக்கம் இழுத்தால் நீளும். சில மாதங்களில் வார்கள் நெகிழ்ந்து, பைகள் திரும்பி வந்தன. புதிய வார் தைத்துக் கொடுத்தோம். அவ்வேலைக்கும் கூலி எழுதவில்லை என்பது வேறு கதை. மேலும், பட்டைச்சாற்றிற் பதனிட்ட தோலின் ஓரத்தை ஈரமாக்கித் தேய்த்தால் மெருகேறும். குரோமிய உப்பிற் பதனிட்டது மென்மையும் நீர்தாங்கும் திறனும் உடையதாயினும், அதன் ஓரம் அவ்வாறு மெருகேறாது. எதை வாங்குகின்றோமென்று கடையிலேயே கேட்டறிதல் நலம்.

இனிக் கடன் விற்பனை. ஒரு பெரிய கடையார் எம்மிடம் 60 பைகள் பெற்றுக்கொண்டு, ஏழு மாதம் பணம் தராது அலைக்கழித்தனர். எம்மிடம் தொழில் பழகிய பிள்ளைகள் இருவர் அதற்குள் வேறு வேலைக்குச் சென்றுவிட்டனர். பணம் பின்னர் வந்தது, பிள்ளைகள் வரவில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டம் சிறு தொழில் செய்வோர்க்கு ஒரு பாதுகாப்பு அளித்திருப்பதை அப்பொழுது யாம் அறியோம். எழுத்து மூலமான உடன்படிக்கை இருப்பின் அதிற்கண்ட நாளுக்குள், எவ்வாறாயினும் 45 நாளுக்கு மேற்படாமல், வாங்கியவர் பணம் செலுத்தவேண்டும்; உடன்படிக்கை இல்லையேல் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தின் மும்மடங்கு வீதத்தில் கூட்டுவட்டி உண்டு. 2020 முதல் நடைமுறையிலுள்ள உத்யம் பதிவை இணையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். சரக்கு அனுப்புமுன் பதிவும், கையெழுத்திட்ட சீட்டும் கையிலிருத்தல் அவசியம்.

கூலியை எழுத நம் கை ஏன் கூசுகின்றது? தோலைத் தொட்ட கை தாழ்ந்ததென்று ஊரார் நெடுங்காலம் சொன்னார்கள். கொடுத்ததை வாங்கிக்கொள் என்றார்கள். அச்சொல்லை மறுத்து மேடையேறும் நாமே, விலை எழுதும்பொழுது அதற்குக் கீழ்ப்படிகின்றோம். 2025 ஜூன் மாதம் இத்தாலி தேசத்து மிலான் நகரில் பிராடா நிறுவனத்தார் காட்டிய செருப்புகள் கோலாப்பூர்ச் செருப்பைப் போன்றிருந்தன. அவற்றின் பிறப்பிடத்தை முதலில் அவர்கள் சொல்லவில்லை. கண்டனம் எழுந்தபின் இந்தியக் கைவினையைக் கண்டு செய்ததாக ஒப்புக்கொண்டனர். 2019இலேயே புவிசார் குறியீடு பெற்ற செருப்பு அது. மகாராஷ்டிர, கர்நாடகத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகத் தைத்துவந்தது. உலகப் பெருங்கடைக்காரர் விரும்பி எடுத்த வேலைக்கு, நம் வீட்டுத் திண்ணையில் விலை சொல்ல நாம் தயங்குகின்றோம்.

அடுத்த கூட்டத்திற்கு வருவோர் தாம் செய்த பொருளொன்றையும், அதற்குச் செலவான நாழிகையைக் குறித்த சீட்டையும் கொண்டுவருக. யாமும் எம் புத்தகத்தை, பழைய பக்கங்களோடு, கொண்டு வருகின்றோம். ஒருங்கே அமர்ந்து விலை எழுதுவோம்.